எஸ்கூஸ்மீக்குப் போன நாட்கள்

போன வாரம் கேஸ் கம்பெனிக்கு போன் போட்டேன். சிலிண்டருக்குப் பதிந்து பத்து நாளாகியும் வந்தபாடில்லை. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அலைக்கழித்துவிட்டுக் கடைசியில் ஒரு பெண் பேசினாள். குரலைக் கேட்டால் இருபது, இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக வெகு மரியாதையாகப் பேசினாள். என் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐ ஆம் அஃப்ரெய்ட் மேடம், இந்த வாரமும் டெலிவரி இருக்காது" என்றாள்.

நான் யோசிக்கவே இல்லை. "பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் சன்னமாக "தேங்க் யூ மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மாமியாருக்கு மறதி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். மறதியெல்லாம் இல்லை, ஞாபகம்தான் கோளாறு. அவளிடம் இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்கிறேன். அடுப்பில் எதுவும் இல்லையே உங்களுக்கு?

என்னுடைய இங்கிலீஷ் லாரிகளின் முதுகில் ஆரம்பித்தது. எங்கள் ஊர் ஆந்திர எல்லையை ஒட்டின எளாவூர். நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், செக்போஸ்ட் ஓரம் லாரித் தார்ப்பாய்களைத் தைத்துக் கொடுக்கிற வேலை. கல்கத்தா ரோட்டில் போகிற வருகிற லாரி அத்தனையும் அங்கே நின்றுதான் ஆகவேண்டும். நைனாவுக்கு நாஷ்டா கொண்டுபோகும்போதெல்லாம் வரிசையில் நிற்கும் லாரிகளின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். 'ஹாரன் ப்ளீஸ்' என்று எல்லாவற்றிலும் இருக்கும். ஹாரன் புரிந்தது. ப்ளீஸ் என்றால் என்ன என்று நைனாவைக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல. ஹாரன் அட்ச்சாதான் வழி உடுவேன்றத மரியாதையா சொல்றான்" என்றார் ஊசியில் கண்ணை வைத்துக்கொண்டே.

மரியாதையான இங்கிலீஷைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் கும்மிடிப்பூண்டியில் வேலை கிடைத்தது. எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ இருக்கும். கேழ்வரகு விளைந்த நிலத்திலெல்லாம் அப்போதுதான் வரிசையாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்களுடையது வெல்டிங் ராடு செய்கிற கம்பெனி. இப்போதும் தெருமுனைக் கிரில் பட்டறையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால் கால் தானாக நிற்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை விழுந்தால் ஒரு வாசனை வருமே, அதோடு யாரோ இரும்புச் சட்டியை அடுப்பில் வைத்து மறந்துவிட்டது போலவும் இருக்கும். கம்பியை ஒரே அளவாக வெட்டி, மேலே ஒரு மாவைப் பூசி, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். எங்கள் கொட்டகைக்கு வரும்போது ராடுகள் வெதுவெதுப்பாக இருக்கும். பன்னிரண்டு பெண்கள் அவற்றை எடை பார்த்துப் பெட்டியில் அடுக்குவோம். மழைக்காலத்தில் அது நல்ல வேலை, கைக்குச் சூடு கிடைக்கும். வெயில் காலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பெட்டி மேல் ஒட்டுகிற சீட்டை இங்கிலீஷில் எழுத வேண்டும். பன்னிரண்டு பேரில் அந்த எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே எனக்கு 'டீச்சரு' என்று பெயர் வந்தது. பெயர் வைத்தது மங்காக்கா. முழுப்பெயர் மங்கம்மா. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வருவாள். புருஷனுக்கு ஏரியில் மீன்பிடி. எங்கள் எல்லோரையும்விட நாலைந்து வயது பெரியவள், குரலில் இருபது வயது பெரியவள். காற்றை எதிர்த்துப் படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்பாள். காதில் ரகசியம் சொன்னாலும் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பான்.

டீச்சரு என்று பட்டம் கொடுத்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டாமா? ரயிலில் ஒருவர் சீப்பு, ஊக்கு, பல்பொடியோடு சின்னச் சின்னப் புத்தகங்களும் விற்பார். அவரிடம் ஒன்று வாங்கினேன். மரியாதையாக இங்கிலீஷில் பேசுவது எப்படி என்பதுதான் விஷயம். இடது பக்கம் இங்கிலீஷ் வாக்கியம் தமிழ் எழுத்தில் இருக்கும். வலது பக்கம் அதற்கு அர்த்தம், அரச சபையில் பேசுகிற தமிழில். அட்டை கிடையாது. நடுவில் நாலு தாளும் கிடையாது, பதினாறாம் பக்கத்துக்கு அப்புறம் இருபத்தைந்துதான். "இன்னாங்க, நடுவுல காணோம்?" என்று கேட்டதற்கு, "மிச்சத்த மொதல்ல பேசும்மா" என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அந்த நாலு தாள் பின்னால் என்னை என்ன பாடு படுத்தும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு வேளையில் வகுப்பு நடக்கும். முதல் பாடம், 'ஹவ் டு யு டு'. தாங்கள் எவ்வாறு செய்கிறீர்கள் என்று அர்த்தம் போட்டிருந்தது. அதற்குப் பதில் என்ன என்று பார்த்தால், அதுவும் 'ஹவ் டு யு டு'.

மங்காக்கா கையில் பிசைந்த சோற்றோடு நிறுத்திவிட்டாள். "எப்டி செய்றன்னு ஒர்த்தி கேட்டா, நீ எப்டி செய்றன்னு திருப்பிக் கேக்கறதா? எங்க குப்பத்துல இதுக்குப் பேரு சண்டைடி."

இரண்டாம் பாடம் 'ஆஃப்டர் யூ'. தங்களுக்குப் பின்னரே நான். இதை ஒருநாள் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் பிரயோகித்துப் பார்த்தேன். வண்டி ஏறும் இடத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நின்றிருந்தார். "ஆஃப்டர் யூ சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்து "நோ நோ, ஆஃப்டர் யூ" என்றார். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. சூளூர்ப்பேட்டை பாசஞ்சர் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போயிற்று.

ஆனால் அந்தப் புத்தகத்தில் எங்களுக்கு நிஜமாகவே கைகொடுத்த வார்த்தை ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் வெட்கத்தை விட்டுத்தான் சொல்ல வேண்டும். கம்பெனியில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. ஆண்களுக்கு இருந்தது, கேட் பக்கத்தில். கட்டடத்துக்குப் படம் போட்டவர்கள் பெண்களும் வேலைக்கு வருவார்கள் என்று நினைத்திருக்கவில்லை. பின்பக்க முள்வேலியில் ஒரு சந்து இருந்தது. அதில் நுழைந்து வேலிக்காத்தான் புதர்களுக்கு நடுவே இரண்டிரண்டு பேராகப் போய்வர வேண்டும். ஒருத்திக்கு இன்னொருத்தி காவல். போவதற்கு முன்னால் சூப்பர்வைசர் வரதனிடம் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்பது சட்டம். அவர் எப்போதும் நாலு ஆம்பளைகளுக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருப்பார். அங்கே போய் என்னவென்று கேட்பது? பாதிப் பேர் கேட்காமலேயே சாயங்காலம்வரை அடக்கிக்கொண்டு இருந்துவிடுவார்கள்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். 'எஸ்கூஸ் மீ'. சற்றே பொறுத்தருள்க. அடுத்த நாள் வரதனிடம் போய் "எஸ்கூஸ்மீ சார்" என்று மட்டும் சொன்னேன். தன்னிடம் இங்கிலீஷில் பேசுகிறார்கள் என்ற பெருமையில் அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பன்னிரண்டு பேரும் எஸ்கூஸ்மீ சார், எஸ்கூஸ்மீ சார். ஒரு வாரத்தில் அது மரியாதைச் சொல்லாக இருப்பதை விட்டுவிட்டு ஒரு பொருளாகவே மாறிவிட்டது. "எஸ்கூஸ்மீக்குப் போய்க்கினு வரேன்", "அவசரமா எஸ்கூஸ்மீ வருதுடி", "மழ பேஞ்சு எஸ்கூஸ்மீயெல்லாம் ஒரே சேறு" என்று எல்லோர் வாயிலும் புழங்கியது.

ஒருநாள் மெட்ராஸ் ஆபீசிலிருந்து சூட்டு போட்ட ஒருவர் எங்கள் கொட்டகையைச் சுற்றிப் பார்க்க வந்தார். பெட்டிகளுக்கு நடுவில் வழி இல்லாமல், மங்காக்கா முதுகுக்குப் பின்னால் நின்று "எஸ்கூஸ் மீ" என்றார். பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்தினோம். மங்காக்காதான் சமாளித்துக்கொண்டு பரிதாபமாகக் கை காட்டினாள்.

"இந்தப் பக்கம் முள்ளு சார். ஆம்பளைங்களுக்கு கேட்டாண்ட ரூமு கீது."

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஐப்பசி மாதம் வந்தது. அந்த வருஷ மழை சும்மா கொட்டியது. புதர்க்காடு முழங்கால் தண்ணீரில் நின்றது. அதற்கு முந்தின மாதம்தான் மங்காக்கா வயிற்றைக் காட்டி, ஐந்து மாசம் என்று சொல்லியிருந்தாள். முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. இது மூன்றாவது. அந்தத் தண்ணீரில் இறங்கி வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். ஒருநாள் எடை போடுகிற இடத்திலேயே மயங்கிச் சரிந்தாள். கடைத்தெருவில் இருந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். அவர் சத்தம் போட்டார். நாளெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடு, இதுவும் தங்காது என்றார்.

திரும்பி வரும்போது மங்காக்கா ரகசியக் குரலில் பேசினாள். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"தண்ணி குட்ச்சா எஸ்கூஸ்மீ. குடிக்காட்டி மயக்கம். நின்னுடலாம்னா பேரு அட்ச்சுடுவான், கேட்டுக்கு வெளிய நூறு பேரு நிக்கறாங்க. ஏரில காத்து, போட்டெல்லாம் கரையில கெடக்குது. நான் நின்னா ஊட்ல அடுப்பு நிக்கும். நீதான் படிச்சவளாச்சே, இன்னா பண்றது சொல்லு."

'படித்தவள்' என்ற சொல் சுருக்கென்று குத்தியது. அடுத்த நாள் வரதனிடம் கேட்டோம், பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித்தரச் சொல்லி மேனேஜரிடம் பேசுங்கள் என்று. அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயோ, இத்தப் போயி அவராண்ட எப்டிமா பேசறது? எனக்கே வெக்கமா கீது. உங்களுக்குத்தான் இங்கிலீசு வருதே, நீங்களே போங்க."

மேனேஜர் பெயர் தத்தா. கல்கத்தா மனிதர். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது, ஆனால் எங்கள் பெண்கள் வாயில் 'தாத்தா சார்' ஆகிவிட்டார். அவரும் தமிழ்நாட்டில் தன் பெயரை இப்படித்தான் உச்சரிப்பார்கள் போல என்று பேசாமல் இருந்துவிட்டார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. தினமும் மாலையில் நான் பெயர் போட்டு எழுதின பெட்டிச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்து "தேங்க் யூ" சொல்லுவார். என்னை வாழ்க்கையில் அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள்.

அவர் அறைக்கு மங்காக்காவும் நானும் போனோம். ராத்திரி முழுக்கப் புத்தகத்தைத் தேடியிருந்தேன். மரியாதையான புத்தகமாச்சே, கக்கூஸுக்கு அதில் வார்த்தையே இல்லை. "மே ஐ கம் இன் சார்" வரை நன்றாகப் போயிற்று. அதற்கப்புறம் "சார், லேடீஸ், எஸ்கூஸ்மீ, நோ ரூம் சார்" என்றேன். அவர் "யெஸ், யெஸ், ப்ளீஸ்" என்று எங்களுக்கு வழிவிடுவதுபோல நாற்காலியை நகர்த்தினார். மங்காக்கா பொறுமை இழந்து, தன் வயிற்றைக் காட்டினாள், ஜன்னலுக்கு வெளியே தண்ணீரில் நின்ற புதரைக் காட்டினாள், சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்து நடந்து காட்டினாள். தத்தா சாருக்குப் புரிந்தது. காது மடல் வரை சிவந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஐ ஆம் அஃப்ரெய்ட் இட் இஸ் நாட் பாசிபிள் திஸ் இயர். ஐ ஆம் அஃப்ரெய்ட் மெட்ராஸ் ஆபீஸ் வில் நாட் அக்ரீ."

"இன்னாடி சொல்றாரு?"

அஃப்ரெய்ட் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்தது. "பயமா இருக்குதாம்க்கா."

"யார கண்டு?"

"மெட்ராஸ் ஆபீசக் கண்டு."

மங்காக்கா அவரைப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தில் கோபம் வடிந்து பாவம் என்று ஒன்று வந்தது. மேஜைக்குக் கிட்டப் போனாள். குப்பத்துக் குரலில், ஆனால் அன்பாக, "பயப்படாதீங்க சார். எங்க ஊட்டுக்காரரும் ஒத்தையா ஏரில எறங்க பயப்படுவாரு. கூட ஆளு இருந்தா இன்னா பயம்? நாங்க பன்னெண்டு பேரு இருக்கோம்" என்றாள். என் பக்கம் திரும்பி, "சொல்லுடி" என்றாள்.

சொன்னேன். "சார், டோன்ட் பி அஃப்ரெய்ட். வீ ட்வெல்வ் லேடீஸ் ஆர் ஹியர்."

பக்கத்துக் கம்பெனியில் அப்போது ஸ்ட்ரைக் நடந்துகொண்டிருந்தது. அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. தத்தா சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இஸ் திஸ் எ த்ரெட்?" என்றார்.

"இன்னாவாம்?"

"நூலான்னு கேக்கறாரு" என்றேன். த்ரெட் என்றால் நூல்தானே. ஏன் கேட்கிறார் என்று எனக்கே விளங்கவில்லை.

மங்காக்காவுக்கு விளங்கிவிட்டது. முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "கொத்தனாரு நூலுடி! கட்றதுக்கு மின்ன எடம் பாத்து நூலு புடிப்பாங்கல்ல, அத்தக் கேக்கறாரு. ஆமான்னு சொல்லு. நாளைக்கே புடிச்சுடலாம்னு சொல்லு."

"யெஸ் சார்" என்றேன். "டுமாரோ மார்னிங் சார்."

"தேங்க் யூ சார்" என்றேன். அதற்குப் பதில் வரவில்லை. தேங்க் யூ சொன்னால் பதில் வந்தே ஆகவேண்டும் என்பது புத்தகம், அதனால் "மென்ஷன் நாட் சார்" என்று அதையும் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை மங்காக்கா புருஷனின் வலை பின்னுகிற நைலான் நூல் ஒரு உருண்டை கொண்டுவந்தாள். மணியடிப்பதற்கு முன்னால் கொட்டகைக்குப் பின்னால் மேடான இடம் பார்த்து நாலு குச்சி நட்டு நூலைக் கட்டினோம். இரண்டு பேர் நிற்கிற அளவு சதுரம். கட்டிவிட்டு, கொத்தனார் வருவார் என்று பன்னிரண்டு பேரும் தூறலில் சுற்றி நின்றோம். தத்தா சார் ஜன்னலில் தெரிந்தார், மறைந்தார், மறுபடி தெரிந்தார். கடைசியில் வரதனைக் குடை பிடிக்கச் சொல்லிக்கொண்டு இறங்கி வந்தார்.

"இன்னாம்மா கூத்து இது?" என்றார் வரதன்.

"நூலு" என்றாள் மங்காக்கா. "நேத்து சாருதான கேட்டாரு?"

வரதன் அவரிடம் திரும்பி, "த்ரெட், சார்" என்றார்.

தத்தா சார் "த்ரெட்" என்று தனக்குள் ஒருமுறை சொன்னார். நூலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். குடைக்கு வெளியே வந்து நனைந்துகொண்டு சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தோம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சதுரத்துக்குள் இறங்கி நின்று கையை விரித்துப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பக்கத்துக் குச்சிகள் இரண்டையும் பிடுங்கி, ஓரடி வெளியே தள்ளி நட்டார்.

அன்று மாலை சீட்டுகளோடு நான் அவர் அறையில் நின்றபோது மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் கிடைத்தது. அந்தக் காலத்து ட்ரங்க் கால் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், போனே இல்லாமல் கத்தினாலும் அதே அளவுக்குக் கேட்கும். பத்து நிமிஷம் கத்தினார். எனக்குப் புரிந்ததெல்லாம் 'த்ரெட்' ஒன்றுதான். "எ சீரியஸ் த்ரெட், சார்! ட்வெல்வ் ஆஃப் தெம், சார்!" எங்கள் நூலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "நேம்ஸ்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு போனுக்குள் நிதானமாகச் சொன்னார். "ஐ ஆம் அஃப்ரெய்ட் ஐ டோன்ட் நோ தேர் நேம்ஸ், சார்."

போனை வைத்தார். சீட்டில் கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல மிஸ் சேர்த்து என் பெயரைச் சொல்லி "தேங்க் யூ" என்றார்.

கொட்டகைக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். "அக்கா, மெட்ராஸ்காரங்க பேரக் கேட்டாங்க. பாவம், பயத்துல நம்ம பேரெல்லாம் மறந்தே போச்சு அவருக்கு. போன வெச்சப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

ஒரு மாதத்துக்குள் அறை எழும்பிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு கதவு, ஒரு குழாய். பெயின்டர் வந்து கதவில் என்ன எழுதுவது என்று கேட்டான். "அதும் பேர எழுது" என்றாள் மங்காக்கா. அவன் நீலப் பெயின்டில் குண்டு குண்டாக 'எஸ்கூஸ்மீ' என்று எழுதிவிட்டுப் போனான். மங்காக்கா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். எட்டு மாசம்வரை வேலைக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது, தங்கியது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, தத்தா சார் மாற்றலாகிக் கல்கத்தா போன பிறகு, ரயிலில் அதே வியாபாரி அதே புத்தகத்தை விற்றுக்கொண்டு வந்தார். காணாமல் போன பக்கங்களில் என்னதான் இருக்கிறது என்று ஆசையாக வாங்கிப் புரட்டினேன். பத்தொன்பதாம் பக்கம்: 'ஐ ஆம் அஃப்ரெய்ட் - வருந்துகிறேன். இவ்விடத்து அச்சம் என்று பொருள் கொள்ளலாகாது.'

இது தப்பென்றால் இன்னும் எதெல்லாம் தப்போ? மறுநாள் ஆபீஸ் டிக்ஷனரியை எடுத்து அந்த நூலையும் தேடினேன். நம் காதுக்கு ஒன்றாகக் கேட்கிற வார்த்தை, இங்கிலீஷில் இரண்டாக இருந்தது. கடைசி எழுத்து வேறு. ஒன்றுக்கு நூல். இன்னொன்றுக்கு மிரட்டல்.

மிரட்டுகிறாயா என்று கேட்ட மனிதரிடம் ஆமாம் சார், நாளைக் காலையில் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்! எங்கள் சதுரத்தைப் பார்த்துச் சிரித்தவர், அந்த மிரட்டலையே எடுத்து மெட்ராஸ்காரர்களிடம் நீட்டிக் காரியத்தைச் சாதித்திருக்கிறார். யார் மிரட்டியது, பெயரைச் சொல் என்றார்கள். சொல்லியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். தன் எதிரில் என் பெயர் எழுதின சீட்டை வைத்துக்கொண்டு, பெயர் தெரியாது, வருந்துகிறேன் என்று சொன்னார். நான் அதை மறதி என்று மொழிபெயர்த்தேன். ஆபீஸ் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். என் இங்கிலீஷை நினைத்து வெட்கப்பட்டுப் போடாமலே இருந்துவிட்டேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மங்காக்காவிடமும் உடனே சொல்லவில்லை. டீச்சரு பட்டம் போய்விடுமே. அந்தப் பெண் குழந்தை வளர்ந்து அவள் கல்யாணப் பந்தலில்தான், இருபது வருஷம் கழித்து, மெல்ல அவிழ்த்தேன்.

"அப்ப பயம் இல்லியா அது?"

"இல்லக்கா. வருத்தம்னு அர்த்தமாம்."

"போடி. நீ அவுரு மூஞ்சியப் பாக்கல, மனசுக்குள்ள புக்கப் பெரட்டிக்கினு இருந்த. நான் பாத்தேன். பயந்தான்."

பிறகு ட்ரங்க் கால் விஷயத்தைச் சொன்னேன். அவள் வெற்றிலையை மடித்தபடி மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பேரு அவுருக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"அப்ப பயந்துக்கினேதான்டி அத்தச் சொல்லிக்கீறாரு" என்றாள்.

அந்தப் பத்தொன்பதாம் பக்கத்தை எழுதியவரை அவளிடம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றியது.

இப்போது அந்த இடத்தில் கம்பெனி இல்லை. கண்டெய்னர் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேலிக்காத்தான் புதர்கூட இல்லை, நீலப் பெயின்ட் கதவுக்கு எங்கே போவது? ட்ரங்க் கால் போயிற்று, ரயிலில் புத்தகம் விற்கிறவர் போனார். மங்காக்கா போன தை மாதம் போய்விட்டாள். கொட்டகையில் இருந்த மற்றவர்கள் யார் யார் எங்கே என்று தெரியவில்லை.

துக்கத்துக்குப் போய்வந்த அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல கூட்டம். எனக்கு வயசாகிவிட்டது, அவசரமென்றால் அவசரம்தான். "எஸ்கூஸ்மீ, எஸ்கூஸ்மீ" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனேன். எல்லோரும் வெகு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். எந்தப் பக்கம் என்று கை காட்டத்தான் ஒருத்தியும் இல்லை.